வயர்ஷார்க்: வலையமைப்பைக் கண்ணால் பார்த்துக் கற்பதற்கு

கணினி வலையமைப்பின் அடிப்படைகளைப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் காட்டப்படுவது, கணினிகளுக்கிடையிலான தொடர்பைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் 7 அடுக்குகளை விளக்கும் படம்தான். அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்தே நானும் தேர்வு எழுதினேன். ஆனால் வலையமைப்பில் ஒரு கணினியைக் குறிக்க ஐபி முகவரி ஒன்று இருக்கும்போது, அதன் வலையமைப்பு வன்பொருளுக்கென மேக் முகவரி என்று இன்னொன்று எதற்கு என்று யாரேனும் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தந்தது, வலையமைப்பில் பயணிக்கும் பாக்கெட்டுகளை, அதாவது சிறு தரவுத் துண்டுகளை, பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க். ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-இல் ஈத்தரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006-இல் இப்பெயருக்கு மாறிய இந்தத் திறமூல மென்பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

நிறுவுவது எளிது. வைஃபை இணைப்பைத் தேர்ந்தெடுத்துப் பதிவைத் தொடங்கியதும், நாம் எதையும் திறக்காதபோதே வரிகள் மளமளவென்று ஓடத் தொடங்கும். புதியவர்கள் மிரள்வது இந்த இடத்தில்தான். மேலேயுள்ள வடிகட்டிப் பெட்டியில், பிங் பயன்படுத்தும் நெறிமுறையான ஐசிஎம்பி என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் தட்டிவிட்டு, கட்டளைச் சாளரத்தில் ஏதேனும் ஓர் இணையதளத்துக்குப் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். இரைச்சல் அடங்கி, கேள்வியும் பதிலுமாகச் சில வரிகள் மட்டுமே மிஞ்சும்.

அவற்றில் முதல் வரியைச் சொடுக்கினால், ஈத்தர்நெட், ஐபி, ஐசிஎம்பி என்று பாக்கெட்டின் அடுக்குகள் தனித்தனி வரிகளாக விரியும். ஐபி வரியில் சேருமிட முகவரியாக இருப்பது தொலைவிலுள்ள சர்வருடையது. ஈத்தர்நெட் வரியில் இருப்பதோ நம் வீட்டு ரவுட்டரின் மேக் முகவரி. கடிதத்தின் மேல் எழுதிய விலாசம் கடைசிவரை மாறாமலிருக்க, அதைச் சுமந்து செல்லும் கை மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் மாறுவதைப் போன்றது இது. பல பக்க விளக்கத்தில் பிடிபடாத இந்த வேறுபாடு, இரண்டு வரிகளை அருகருகே பார்த்தபோது எனக்குச் சட்டென்று விளங்கியது. ஐபி முகவரியைச் சொடுக்கினால் பைட்டுகள் காட்டப்படும் பகுதியில் 4 பைட்டுகளும், மேக் முகவரியைச் சொடுக்கினால் 6 பைட்டுகளும் நிறம் மாறுவதையும் காணலாம். விண்டோஸ் அனுப்பும் பிங்கின் உள்ளடக்கம் 32 பைட்டுகள். ஆங்கில அகரவரிசையில் ஏ முதல் டபிள்யூ வரையும், மீண்டும் ஏ முதல் ஐ வரையும் உள்ள எழுத்துகளே அவை. மறுமுனை அதே எழுத்துகளை அப்படியே திருப்பி அனுப்புகிறது.

தரவு தவறாமல் சேர்வதை உறுதிசெய்யும் நெறிமுறையான டிசிபியில் இணைப்பு உருவாகும்போது, இரு முனைகளுக்கும் இடையே நிகழும் சின், சின்-ஏக், ஏக் என்ற மூன்று பரிமாற்றங்களையும் இதே வழியில் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. இது பார்ப்பதற்கான கருவி மட்டுமே. எதையும் கற்றுத் தருவதில்லை. ஐபி முகவரி, போர்ட் போன்ற சொற்களை முன்பே அறிந்திராதவர்களுக்குத் திரை முழுவதும் புதிராகவே இருக்கும். சப்நெட் (வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது) கணக்குகளைப் பழகவும், பல ரவுட்டர்களை இணைத்துப் பார்க்கவும் வேறு மென்பொருள்தான் தேவை. இன்றைய இணையதளங்களில் பெரும்பாலானவை மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால், அவற்றின் உள்ளடக்கத்தையும் இதில் வாசிக்க இயலாது. சொந்த வலையமைப்பிலோ, உரிய அனுமதி பெற்ற இடத்திலோ மட்டுமே இதை இயக்க வேண்டும்.

அடிப்படைப் பாடத்தின் முதல் சில அத்தியாயங்களை முடித்தவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முதலில் பிங், அடுத்து இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ், அதன்பின் டிசிபி என்ற வரிசையில், ஒரு நேரத்தில் ஒரு வடிகட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பழகலாம்.