கண்புரை: பேக்கோவா, கையால் செய்யும் சிறுதுளை அறுவையா?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கண்புரைக்காக மதுரைக்கு வரும் முதியவர்களின் வீட்டார் பெரும்பாலும் கேட்பது, பேக்கோதான் நல்லதா, கையால் செய்யும் சிறுதுளை அறுவை போதுமா என்பதே. பேக்கோவில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் துளை வழியே ஒலியதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சியெடுத்து, மடித்த லென்ஸை உள்ளே விரிக்கிறார்கள். மற்றதில் 6 முதல் 7 மில்லிமீட்டர் திறப்பின் வழியே, பழுப்பேறி இறுகிய புரையின் கரு உடையாமல் முழுதாக வழுக்கி வெளியே வருகிறது. இரண்டுக்கும் பொதுவாகத் தையல் தேவையில்லை.

முற்றிய புரை உள்ளவர்களிடம் நேபாளத்தில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பின் பார்வை இரு முறையிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. சிறுதுளை முறையோ விரைவாகவும் குறைந்த செலவிலும் முடிந்தது. (லென்ஸின் விலை இறங்கியதில், 1992-இல் மதுரையில் தொடங்கிய லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேபுக்குப் பெரும் பங்குண்டு.) கருவிழியின் வளைவு அதிகம் மாறாததால், கண்ணாடியின்றித் தூரத்தைப் பார்ப்பதில் பேக்கோவுக்குச் சற்று அனுகூலம் உண்டு. ஆகவே இளம்புரையோடு இன்னமும் வண்டி ஓட்டுபவருக்குப் பேக்கோவையும், முற்றவிட்டு வருபவருக்குச் சிறுதுளை முறையையும் சொல்வேன். சர்க்கரை நோயாளிகள் மட்டும் எதற்கு முன்பும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள பாதிப்பை எந்த லென்ஸும் சரிசெய்யாது.