சோளகக் காற்றும் சுண்ணாம்புத் தூளும்: முருகைத் தொட்டிக்கான ஒரு பொருள் மதிப்பீடு

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து முருகை (பவள உயிரி) வளர்ப்போருக்கு வன்னியில் கிடைக்கக்கூடிய பொருள்களுள் விலையிற் குறைந்ததும் பயனிற் கூடியதும், தொட்டிக்குக் கல்சியம் ஊட்டும் உணவுத் தரக் கல்சியம் ஐதரொட்சைட்டு (நீற்றிய சுண்ணாம்பு) தூளே என்பது என் முடிவு. ஆயினும், ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் தண்ணீரிலேயே இத்தூளை முழுவதும் கரைத்துத் தானியங்கியாக ஊற்றிவிடுமாறு பொதுவாகச் சொல்லப்படும் முறை எங்கள் காலநிலைக்குப் பொருந்தாது. இங்கு நான் மதிப்பிடுவது மூன்று பொருள்களை: வவுனியாவில் இரசாயனப் பொருள் விற்கும் கடையொன்றில் வாங்கிய அத்தூள், கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரமாக இயங்கும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் ஆர்.ஓ. தண்ணீர் (மென்சவ்வினூடாக வடித்துக் கனிமம் நீக்கிய நீர்), இவற்றோடு பிளாஸ்ரிக் மிதவை வால்வு ஒன்று. தொட்டி 100 லீற்றர் கொள்ளளவு உடையது. அதில் மென்முருகைகளும், பாறைகளில் இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணப்பாசியும், சில நத்தைகளும், இரண்டு மீன்களும் உள்ளன. கல்முருகைகள் இலங்கைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. மன்னாரிலோ முல்லைத்தீவிலோ கடலில் இறங்கி அவற்றைப் பெயர்த்து வர எண்ணுவோர் அவ்வெண்ணத்தை இங்கேயே கைவிடுவது நல்லது.

வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில், மூடியில்லாத 100 லீற்றர் தொட்டியொன்று நாளொன்றுக்கு 2 லீற்றர் நீரை இழப்பது வியப்பன்று. சன்னலைத் திறந்து, தொட்டியைக் குளிர்விக்கச் சிறு மின்விசிறியையும் வைத்தால் இழப்பு இன்னும் கூடும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த மட்டத்தைக் கடல்நீர் கொண்டு நிரப்பினால் உவர்ப்பு நாளுக்கு நாள் ஏறும். கடலோரத்தில் வாழும் நண்பர்கள் பலர் இதையே செய்கின்றனர். கடல்நீர் இருக்க வேண்டிய இடம் மாதாந்த நீர்மாற்றம். அதற்கும் மாரி காலத்தில் முல்லைத்தீவுக் கரையோர நீரை மானியால் அளந்து பார்த்தே எடுக்க வேண்டும். நந்திக்கடல் போன்ற களப்பு நீர் எக்காலத்திலும் வேண்டாம். தொட்டி நீரின் உவர்ப்பு 1000இல் 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.026 அளவில், அசையாமல் நிற்க வேண்டுமானால் நாள்தோறும் ஊற்றப்படுவது கனிமம் அற்ற நன்னீராகவே இருக்க வேண்டும்.

இங்கு உள்ளூர்க்காரர் எவரும் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. எங்கள் கிணற்று நீர் வன்னீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் கல்சியம்தானே, அதையே ஊற்றினால் என்ன? ஊற்றலாகாது. கிணற்று நீரில் கல்சியம் தனியாக வருவதில்லை. குளோரைட்டு, சல்பேற்று, சிலிக்கேற்று, சில இடங்களில் புளோரைட்டு என்று ஒரு கூட்டமே அதனுடன் வருகிறது. லீற்றருக்கு 500 மில்லிகிராம் கனிமம் உள்ள நீரை நாளுக்கு 2 லீற்றர் வீதம் ஊற்றினால், ஒரு நாளில் ஒரு கிராமும் ஒரு மாதத்தில் 30 கிராமும் தொட்டியில் சேர்ந்துவிடும். 100 லீற்றரில் அது லீற்றருக்கு 0.3 கிராம். 35 கிராம் உப்புள்ள நீரில் இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சேர்வது கடல்நீரின் விகிதத்தில் அமைந்த உப்பன்று என்பதாலும், ஆவியாதல் எதையும் திரும்ப எடுத்துச் செல்வதில்லை என்பதாலும், ஓராண்டில் தொட்டி நீர் கடல்நீரின் இயல்பிலிருந்து விலகிவிடும்.

ஆர்.ஓ. நிலையங்கள் வன்னியில் பெருகியதற்குக் காரணம் மீன்தொட்டிகள் அல்ல. நிலத்தடி நீரின் வன்மையும், சிறுநீரக நோய் குறித்த அச்சமும் மக்களை 20 லீற்றர் கான்களுடன் அங்கே வரிசையில் நிற்க வைத்தன. அந்த அவலத்தின் ஓரத்தில் எங்கள் பொழுதுபோக்குக்கும் வசதி கிடைத்திருக்கிறது. நான் வாங்கும் நிலையத்தின் நீரைக் குடிநீராக மதிப்பிட்டால் குறை சொல்ல எதுவுமில்லை. தொட்டிக்கான நீராக மதிப்பிட்டால் ஒரு குறை உண்டு: நீரிற் கரைந்துள்ள கனிமத்தை அளக்கும் என் ரி.டி.எஸ். மானி பெரும்பாலான நாள்களில் 40ஐ ஒட்டியே காட்டினாலும், சில நாள்களில் அதன் இரு மடங்கைக் காட்டுகிறது. சுவைக்காகச் சிறிது கனிமம் சேர்க்கப்படும் நிலையங்களில் இவ்வாறு நேரலாம்; மென்சவ்வு பழையதானாலும் நேரலாம். குடிப்பவருக்கு இவ்வேறுபாட்டால் தீங்கில்லை. முருகை வளர்ப்பவரோ அந்நீரை, எஞ்சிய கனிமத்தைப் பிடிக்கும் அயன்மாற்றப் பிசின் நிரப்பிய சிறு குழாய் ஒன்றினூடாக வடித்து, மானி பூச்சியத்தைக் காட்டிய பின்னரே பயன்படுத்த வேண்டும். ஆர்.ஓ. நிலை பெரும்பகுதியை ஏற்கெனவே நீக்கிவிடுவதால் பிசின் நெடுங்காலம் உழைக்கிறது. நேரடியாகக் குழாய்நீரைப் பிசினில் விட்டால் அது விரைவிற் களைத்துவிடும்.

மழைநீரைப் பற்றியும் ஒரு சொல். கூரை தகரமாக இருந்தால் அந்நீரைத் தொட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள். தகரப் பூச்சிலிருந்து கரையும் நாகம் (துத்தநாகம்) முள்ளந்தண்டிலிகளுக்கு ஆகாது.

இனித் தூளுக்கு வருவோம். சுண்ணப்பாசியும் முருகையும் நத்தையும் தம் வன்கூட்டைக் கல்சியம் காபனேற்றாகவே கட்டுகின்றன. இக்கட்டுமானத்தில் நீரின் காரத்தன்மை 2.8 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) குறையும்போது கல்சியமும் லீற்றருக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் குறைகிறது. கல்சியம் ஐதரொட்சைட்டு இவ்விரண்டையும் அதே விகிதத்தில் திருப்பித் தருகிறது. ஐதரொட்சைட்டு நீரிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து இருகாபனேற்றாக மாறுவதால் உப்பு எச்சம் எதுவும் மிஞ்சுவதில்லை. வேறெந்தக் கல்சியச் சேர்மானத்திலும் இத்தனை எளிமையை நான் காணவில்லை. எங்கள் அறை வெப்பநிலையில் லீற்றருக்கு ஒன்றரைக் கிராம் அளவே கரையும். சீனி போலச் சூட்டில் கூடுதலாகக் கரையும் என்று எண்ணிச் சுடுநீர் ஊற்றுவோர் ஏமாறுவர். இதன் கரைதிறன் சூடு ஏற ஏறக் குறைவது. கரையாத மிகுதி அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்கும் நீரே சுண்ணாம்பு நீர். நிரம்பிய கரைசலின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 800 மில்லிகிராம் கல்சியம் இருக்கும், அதன் பி.எச். பெறுமானம் 12ஐத் தாண்டும்.

இந்த எண்களை 2 லீற்றர் ஆவியாகும் என் தொட்டியில் பொருத்திப் பார்த்தபோதுதான், தானியங்கி முறை இங்கு ஏன் பொருந்தாது என்பது எனக்குத் தெளிவாயிற்று. இழந்த நீர் முழுவதையும் நிரம்பிய சுண்ணாம்பு நீராலேயே ஈடுசெய்தால் நாளொன்றுக்குக் கல்சியம் லீற்றருக்கு 16 மில்லிகிராமும், காரத்தன்மை 2.3 டி.கே.எச்.உம் ஏறும். கல்முருகை நிறைந்த தொட்டிக்கு அது தேவையாகலாம். மென்முருகையும் சுண்ணப்பாசியும் மட்டும் உள்ள என் தொட்டி ஒரு நாளில் செலவிடும் காரத்தன்மையோ 0.3 டி.கே.எச்.ஐ ஒட்டியது. அப்படியானால் கரைசலை நீர்க்கச் செய்து ஊற்றினால் போதாதா என்று கேட்கலாம். சோளக மாதத்தில் அளந்து நீர்க்கச் செய்த அக்கரைசல், வாடைக்காற்றோடு மழை பிடித்து ஈரம் நிறைந்த கார்த்திகை மார்கழியில், ஆவியாதல் பாதியாகக் குறைந்தவுடன், பாதி அளவே தொட்டியைச் சென்றடையும். முருகை மழைக்காலமென்று உணவைக் குறைத்துக்கொள்வதில்லை. ஆவியாதலோடு சுண்ணாம்பைப் பிணைத்துவிட்டால், எவ்வளவு கல்சியம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது முருகையின் தேவை அல்ல, வெளியில் வீசும் காற்று. குளிரூட்டிய, ஆண்டு முழுவதும் ஒரே ஈரப்பதம் கொண்ட அறைகளில் இது பெரிய குறையன்று. இரணைமடுக் குளத்துக் காற்று நேரே நுழையும் வீட்டில் இது பெருங்குறை.

ஆகவே இரண்டையும் பிரித்துவிட்டேன். நிரம்பிய கரைசலில் கால் லீற்றர், அதாவது 0.4 கிராம் அளவான தூள், கோடையானாலும் மாரியானாலும் ஒவ்வொரு இரவும் தொட்டிக்குப் போகிறது. மீதி இழப்பைச் சுத்த நீர் ஈடுசெய்கிறது. ஒரு லீற்றர் போத்தலில் 2 கிராம் தூளிட்டு நீர் நிரப்பி, இறுக மூடிக் குலுக்கித் தெளியவிட்டால் நான்கு இரவுகளுக்குப் போதும். தெளிந்த நீரை மட்டும் இறுத்தெடுக்க வேண்டும்; அடியிற் படியும் வண்டலில் உலோக மாசுகள் தங்கிவிடுவதும் நமக்கு நன்மையே. விளக்கணைந்த பின்னர் தொட்டியின் பி.எச். பெறுமானம் தானாகவே தாழ்வதால், உயர்ந்த பி.எச். உடைய கரைசலைச் சேர்க்க இரவே ஏற்ற நேரம். சொட்டுச் சொட்டாக விடுவதற்கு மருந்தகத்தில் கிடைக்கும் புதிய சேலைன் குழாய்க்கு நிகரான கருவி எந்த விலையிலும் இல்லை என்பேன். மில்லிலீற்றருக்கு 20 துளி என்ற வகைக் குழாயில் நொடிக்கு ஒரு துளி வீதம் விட்டால், கால் லீற்றர் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். உருளையைச் சற்று இறுக்கினால் மூன்று மணி நேரம் வரை நீட்டலாம். இதற்கு மின்சாரமும் தேவையில்லை. குழாயின் உட்புறத்தில் வெண்படிவு கட்டும்போது வினாகிரியில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகிவிடும். துளி விழும் இடம் நீரோட்டம் உள்ள இடமாக இருக்க வேண்டும். முருகையின் மேல் நேராக விழுந்தால் அதன் தசை வெந்துவிடும். போத்தலைக் குலுக்கும்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவதும், சிறுவர் கைக்கு எட்டாமல் வைப்பதும் கட்டாயம்.

மிதவை வால்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூரைத் தாங்கிக்கு இரும்புக்கடையில் விற்கப்படும் வழமையான வால்வில் பித்தளைப் பாகம் உண்டு; செம்பு முருகைக்கும் நத்தைக்கும் நஞ்சாகையால் அது வேண்டாம். முழுதும் பிளாஸ்ரிக்கினால் ஆன சிறு வால்வு, தொட்டிக்கு மேலே வைத்த 10 லீற்றர் வாளியிலிருந்து புவியீர்ப்பாலேயே நீரை இறக்கி மட்டத்தைக் காக்கிறது. நத்தை ஏறி மிதவை சிக்கிக்கொண்டால் வாளி முழுவதும் தொட்டிக்குள் இறங்கும் என்பதை ஏற்றுக்கொண்டே வாளியின் அளவைத் தெரிவு செய்ய வேண்டும். 10 லீற்றர் நன்னீர் ஒரேயடியாக இறங்கினால் உவர்ப்பு 35இலிருந்து 32க்குத் தாழும். உயிர்கள் தாங்கிக்கொள்ளக்கூடிய அதிர்ச்சி அது. அதே வாளியில் இருந்தது நிரம்பிய சுண்ணாம்பு நீராயின் தொட்டி பாலாக வெளுத்து, விடிவதற்குள் அனைத்தும் மடியும். பிரித்துவைப்பதற்கு இதைவிட வலுவான நியாயம் வேண்டியதில்லை.

வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தானே என்று கேட்போருக்கு: ஆம், ஆனால் டப்பாவில் வருவது ஈரக் களி. அதில் எவ்வளவு ஐதரொட்சைட்டு, எவ்வளவு காற்றுப்பட்டுக் காபனேற்றாகிவிட்டது என்று நிறுத்துப் பார்த்து அறிய வழியில்லை; நிறமூட்டியதும் உண்டு. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு நம் நாட்டில் பெரும்பாலும் தொலமைற்றுக் கல்லைச் சுட்டுப் பெறப்படுவதால் மகனீசியம் மிகுந்திருக்கும். மகனீசியம் ஐதரொட்சைட்டு நீரில் ஏறத்தாழக் கரையவே கரையாது. நிறுத்துப் போட்ட எடைக்கும் கரைந்த அளவுக்கும் தொடர்பின்றிப் போகும். மறுபுறத்தில், கொழும்பில் வளர்ப்புமீன் கடைகளில் வெளிநாட்டுப் பெயருடன் சிறு டப்பாவில் விற்கப்படும் தூளை இத்தூளோடு ஒப்பிட்டு அளந்ததில் கல்சிய அளவிலோ காரத்தன்மையிலோ வேறுபாடு காணவில்லை. விலையில் மட்டும் பல மடங்கு வேறுபாடு.

இத்தூளால் ஆகாதவையும் உண்டு. கல்சியம் லீற்றருக்கு 350 மில்லிகிராமுக்குத் தாழ்ந்து காரத்தன்மை மட்டும் சரியாக இருக்கும் தொட்டியை இதைக் கொண்டு சீர்செய்ய முடியாது, ஏனெனில் இது இரண்டையும் சேர்த்தே உயர்த்தும். அங்கு முதலில் கல்சியம் குளோரைட்டால் கல்சியத்தை 400க்கும் 450க்கும் இடையே கொண்டுவந்து, பின்னரே இதைத் தொடங்க வேண்டும். மகனீசியத்தை இது தருவதில்லை. 1,300 அளவில் அதை வைத்திருப்பது நீர்மாற்றத்தின் வேலை. தேவை மிகுந்த தொட்டிகளில் கல்சியம் குளோரைட்டையும் அப்பச்சோடாவையும் தனித்தனியே கரைத்து விடும் இருகரைசல் முறை நன்றாகவே வேலை செய்கிறது. அதற்கு ஆவியாதலின் தயவு தேவையில்லை; ஆனால் சாதாரண உப்பு எச்சமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

வவுனியாக் கடையைப் பற்றிய என் முறைப்பாடு பொதியிடலைப் பற்றியது. பெரிய சாக்கிலிருந்து பிரித்து மெல்லிய பொலித்தீன் பைகளில் ஒரு கிலோ வீதம் கட்டி விற்கின்றனர். வாடைக்கால ஈரத்தில் அப்பை காற்றைத் தடுப்பதில்லை. தூள் மெல்ல மெல்லக் காபனீரொட்சைட்டை உறிஞ்சி, கரையாத காபனேற்றாக மாறுகிறது. தொட்டியின் காரத்தன்மை காரணமின்றிக் குறையத் தொடங்கினால் முதலில் ஐயுற வேண்டியது பையைத்தான். சிறு கரண்டித் தூளில் வினாகிரி ஊற்றிப் பாருங்கள்: நல்ல தூள் நுரைக்காமல் கரையும், பழுதானது சோடா போலப் பொங்கும். நாளுக்கு 0.4 கிராம் செலவிடும் தொட்டிக்கு ஒரு கிலோ என்பது ஆறாண்டுக்கும் மேற்பட்ட இருப்பு. ஆதலால் கால் கிலோ கேட்டு வாங்கி, வீடு வந்தவுடன் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்களில் பிரித்து அடைத்துவிடுங்கள். கேட்டால் கடைக்காரர் கால் கிலோவாகவும் நிறுத்துத் தருகிறார்.