தூக்கம் கெட்ட இரவுகளுக்கு ஓர் அகராதி

க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதியை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், இரவில் உங்களுக்குத் தொடர்ந்து எவ்வளவு நேரம் கிடைக்கும் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். அரை மணி நேரம்கூடக் கிடைக்காது என்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

எங்கள் வீட்டில் கிடைத்ததில்லை. தம்பிக்குத் தலசீமியா மேஜர், உடம்பு போதுமான ஹீமோகுளோபினை உண்டாக்க முடியாத பிறவி ரத்த நோய். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தோடு சேரும் இரும்பை உடம்பால் தானாக வெளியேற்ற முடியாது. விட்டால் இதயத்திலும் கல்லீரலிலும் போய்ப் படியும். அந்த இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரால் மருந்தை, வயிற்றுத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி குத்தி, சிறிய பம்ப் வழியாக இரவில் எட்டு, பத்து மணி நேரம் செலுத்துவோம். வாரத்தில் ஐந்தாறு இரவு. அவன் புரண்டு படுத்தால் ஊசி நழுவும். குத்திய இடம் தடித்து வீங்கும். முன்னிரவுக் காவல் எனக்கு, பின்னிரவு அம்மாவுக்கு.

கதைப் புத்தகம் அதற்குச் சரிப்படவில்லை. விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அவன் கூப்பிடுவான். ஈரோடு புத்தகத் திருவிழாவுக்காக வ.உ.சி. பூங்கா மைதானத்துக்குப் போன அப்பா, இந்த அகராதியின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பை என் படிப்புக்கென்று வாங்கி வந்தார். படிப்புக்கு உதவியதா என்பது வேறு விஷயம்.

ஒரு சொல்லுக்கு நான்கு சொற்களை அடுக்கிவிட்டு ஓடிவிடும் அகராதி அல்ல இது. பொருளைத் தமிழில் விளக்குகிறது, ஆங்கிலத்திலும் தருகிறது, தேவையான இடத்தில் படம் போடுகிறது. எனக்கு முக்கியம் எடுத்துக்காட்டு வாக்கியங்கள். யாரோ கடனைத் திருப்பித் தரவில்லை, யாருக்கோ மருமகன்மேல் வருத்தம், எங்கோ பஸ் வரவில்லை என்கிற மாதிரி, அன்றாடம் புழங்குகிற வாக்கியங்கள். எங்கள் வீட்டுப் பேச்சு ஃபெரிட்டின், ஹீமோகுளோபின், யூனிட் என்றுதான் இருக்கும். மிச்சமெல்லாம் பாதியில் நிற்கும். “இந்த மாதம் ரத்தம் கிடைக்காவிட்டால்…” என்று அம்மா தொடங்குவார். நான் கதவருகே நிற்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வார். அகராதிக்காரர்கள் எதையும் பாதியில் நிறுத்தவில்லை.

எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு நான் பொருந்துவேனா என்று ஒருமுறை சோதித்தார்கள். உடன்பிறந்தவர் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்தவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றிரவு ‘ப’ வரிசையில் வெகுதூரம் போனேன்.

தம்பி விழித்திருந்தால், “அக்கா, முந்நூற்றுப் பன்னிரண்டு” என்று ஏதாவது ஒரு பக்க எண்ணைச் சொல்வான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாக்கியத்தை நான் வாசிக்க வேண்டும். அதற்கு முன்கதையை அவன் சொல்வான். அவன் கதைகளில் பெரும்பாலும் யாராவது பொய் சொல்லி மாட்டிக்கொள்வார்கள், பிறகு பிரியாணி சாப்பிடுவார்கள். மருத்துவமனை வந்ததே இல்லை.

சங்க இலக்கியத்துக்குப் பொருள் தேடுபவர்கள் இதை வாங்க வேண்டாம். அதற்கு 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. இது இன்றைய உரைநடைக்கானது. இலங்கை வழக்குகளையும் குறிப்பிட்டுச் சேர்த்திருக்கிறார்கள். ஈழத்துக் கதைகள் படிக்கும்போது எனக்கு மிகவும் உதவுகிறது. முதல் பதிப்பு 1992இல் வந்தது. 2020இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் கொரோனாவோடு மருத்துவமனையில் இருந்தார். அடுத்த சில நாட்களில் மறைந்தார். செய்தியைப் படித்துவிட்டுத் தம்பிதான் எனக்கு முதலில் போன் செய்தான்.

அவனுக்கு இப்போது ஊசிக்குப் பதில் மாத்திரை. டெஃபெராசிராக்ஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். ரத்தம் ஏற்றுவது மட்டும் மாறவில்லை. பழைய பதிப்பு அவனிடம்தான் இருக்கிறது. கேட்டால் தர மாட்டேன் என்கிறான். ஆகவே மூன்றாம் பதிப்பை நான் சொந்தக் காசில் வாங்கினேன், நீங்களும் அதையே வாங்குங்கள். கனமான புத்தகம், படுத்துக்கொண்டு கையில் பிடித்துப் படிக்க முடியாது. மடியில் ஒரு தலையணை போட்டு அதன்மேல் விரித்துக்கொள்ளுங்கள்.