கலைந்த பேக்-12ஐக் கையில் தரும் விளையாட்டு: ‘காலேஜ் ஃபுட்பால் 25’ மதிப்புரை

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், கோதுமை வயல்கள் குன்று குன்றாக எழுந்து தாழும் பலூஸ் நிலப்பகுதியில் புல்மன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டுகள் முதுகலை படித்தவன் நான் என்பதால், ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘காலேஜ் ஃபுட்பால் 25’ என்ற கல்லூரி அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமை விருப்பு வெறுப்பின்றி அணுக என்னால் இயலவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவ்வூரின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக அணிதான் என் அணி. பேக்-12 என்ற கான்ஃபரன்ஸை, அதாவது அணிகளின் கூட்டமைப்பை, விட்டுப் பத்து அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகியபோது, போக இடமின்றி எஞ்சி நின்ற இரண்டில் அது ஒன்று. மற்றது ஆரிகன் ஸ்டேட்.

அடுத்த ஆண்டுக்கான பதிப்பு 2025 ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆயினும் 25ஆம் பதிப்பைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அது 2024 ஜூலை 19 அன்று கடைக்கு வந்தது. டெக்சாசும் ஓக்லஹோமாவும் எஸ்இசி என்ற தென்கிழக்குக் கான்ஃபரன்ஸில் அதே மாதம் முதல் தேதி சேர்ந்திருந்தன. மேற்குக் கரை அணிகளின் இடமாற்றம் ஆகஸ்டுத் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் வரைபடம் மாறிய அந்தக் கோடையையும், அதையொட்டி மக்கள் கொண்டிருந்த எதிர்பார்ப்புகளையும் இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்து வைத்த வேறொரு விற்பனைப் பொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

இத்தொடரின் முந்தைய பதிப்பு 2013இல் வந்தது. பிறகு பதினோராண்டு இடைவெளி. தம் உருவத்தையும் அடையாளத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகக் கூறி, யுசிஎல்ஏ எனப்படும் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபானன் 2009இல் தொடுத்த வழக்கும் அதையொட்டி எழுந்த வழக்குகளுமே தொடர் நின்றதற்குக் காரணம். வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்ற விதி 2021 ஜூலையில் வந்த பிறகே இதைச் சட்டச் சிக்கலின்றி வெளியிட வழி பிறந்தது. ஒப்புக்கொண்ட ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் தரப்பட்டன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதனால்தான் முன்பு வெறும் எண்ணாக ஓடிய வீரர் இப்போது சொந்தப் பெயரோடு ஓடுகிறார். எங்கள் அணியின் பந்தெறியாளராக 2023 வரை இருந்த கேம் வார்டை மயாமி அணியின் சீருடையில் இந்த விளையாட்டில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட வலி, அவருடைய பெயர் அங்கே இருந்ததால் ஏற்பட்டது.

கான்ஃபரன்ஸ் என்பதை விளக்காமல் மேலே செல்ல முடியாது. உயர்நிலைக் கல்லூரி அணிகளாக 2024இல் இருந்த 134 அணிகளும் ஒரே பட்டியலில் மோதுவதில்லை. அவை கான்ஃபரன்ஸ்களாகப் பிரிந்து, பெரும்பாலான ஆட்டங்களைத் தம் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே ஆடுகின்றன. தொலைக்காட்சி உரிமையைக் கூட்டாக விற்பதும் கான்ஃபரன்ஸ்தான். எனவே எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்கிறோம் என்பதே ஒரு பல்கலைக்கழகத்தின் வருமானத்தைப் பெருமளவில் முடிவு செய்கிறது. தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் யுசிஎல்ஏவும் பேக்-12ஐ விட்டு பிக் டென் என்ற கான்ஃபரன்ஸுக்குச் செல்வதாக 2022 ஜூன் 30 அன்று அறிவித்தன. அதன்பின் அந்தக் கான்ஃபரன்ஸ் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய தொலைக்காட்சி நிறுவனங்களோடு செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். பேக்-12க்கு அதற்கு அருகில் வரக்கூடிய ஒப்பந்தம் எதுவும் கிடைக்கவில்லை. 2023 ஜூலை இறுதியில் கொலராடோ வெளியேறுவதாக அறிவித்தது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஆரிகன், வாஷிங்டன் (என் அணியல்ல, சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம்), அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய ஐந்தும் போவதாக அறிவித்தன. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் செப்டம்பர் முதல் தேதி அவ்வாறே அறிவித்தன. 1915 வரை வேர் நீளும் ஓர் அமைப்பு அவிழ்ந்து போக ஒரு கோடை போதுமாயிருந்தது. அதே பருவத்தில், பேக்-12 கோப்பையை வென்ற வாஷிங்டன் அணி தேசிய இறுதியாட்டம் வரை சென்றது என்பதை நினைக்கும்போதெல்லாம், ஆட்டத்தின் தரத்துக்கும் இந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை என்ற எண்ணம் எனக்கு உறுதிப்படுகிறது.

இந்த விளையாட்டில் அணியைத் தேர்ந்தெடுக்கும் திரையில், பசிபிக் கடலோரத்து ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ‘அட்லாண்டிக் கரை’ என்று பெயர் கொண்ட கான்ஃபரன்ஸில் நிற்கின்றன. பிக் டென்னில் பதினெட்டு அணிகள், பிக் 12 என்ற வேறொரு கான்ஃபரன்ஸில் பதினாறு. பேக்-12இல் இரண்டே இரண்டு அணிகள்.

இதன் உயிர்நாடி ‘டைனஸ்டி’ என்ற பகுதி. ஒரு பயிற்சியாளராகப் பொறுப்பேற்று, ஆண்டுதோறும் உயர்நிலைப் பள்ளி வீரர்களைச் சேர்த்து, முப்பது பருவங்கள் வரை ஓர் அணியை வளர்த்துச் செல்லலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் பதினான்கு துறைகளில் மதிப்பெண் உண்டு; கான்ஃபரன்ஸின் மதிப்பும், தொலைக்காட்சி வழியாக அணி எவ்வளவு தூரம் அறியப்படுகிறது என்பதும் அவற்றுள் அடங்கும். ஒவ்வோர் இளைஞருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு நிபந்தனை இருக்கிறது. அது கான்ஃபரன்ஸின் மதிப்பாக இருந்து, நம் மதிப்பெண் அதற்குக் குறைவாக இருந்தால், வேறு எவ்வளவு நன்மைகளை எடுத்துச் சொன்னாலும் அவர் வரமாட்டார். வாஷிங்டன் ஸ்டேட்டை வைத்துக்கொண்டு வீரர் சேர்ப்பில் இறங்கியபோது, கான்ஃபரன்ஸ் கலைந்தால் ஒரு சிற்றூர்க் கல்லூரிக்கு என்ன நேரும் என்பதை எந்தக் கட்டுரையும் உணர்த்தாத அளவுக்கு இந்தச் சிறு விதி எனக்கு உணர்த்தியது. களத்தில் நாம் எப்படி ஆடினோம் என்று கேட்பதற்கு முன்பே, யாரோடு ஆடுகிறோம் என்று அந்த இளைஞர் கேட்டுவிடுகிறார்.

இதே டைனஸ்டியில்தான் மருந்தும் இருக்கிறது. பருவம் தொடங்குவதற்கு முன் கான்ஃபரன்ஸ்களை நாமே மாற்றி அமைக்கலாம். எந்த அணி எங்கே சேர வேண்டும், கான்ஃபரன்ஸுக்குள் எத்தனை ஆட்டங்கள், எந்த இரு அணிகள் ஆண்டு தவறாமல் மோத வேண்டும் என்பவற்றை முடிவு செய்யலாம். ஒரு சனிக்கிழமை மாலை முழுவதையும் செலவிட்டு, வெளியேறிய பத்து அணிகளையும் ஒவ்வொன்றாகத் திரும்ப அழைத்து வந்தேன். அப்படிச் செய்யும்போதுதான் ஒரு மாற்றம் எத்தனை மாற்றங்களை இழுத்து வந்திருக்கிறது என்பது புலனாயிற்று. ஸ்டான்ஃபோர்டையும் கலிஃபோர்னியாவையும் எடுத்துவிட்டால், அவற்றோடு அட்லாண்டிக் கரையில் சேர்ந்த டல்லஸ் நகரத்து எஸ்எம்யூவை என்ன செய்வது? அதை மீண்டும் அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்கு அனுப்பினால், அதற்குப் பதிலாக அங்கே சேர்ந்த ஆர்மி அணியை மறுபடியும் தனியணியாக்க வேண்டும். டெக்சாசையும் ஓக்லஹோமாவையும் பிக் 12க்குத் திருப்பினால்தான் மேற்கு சரியாகுமா, அல்லது அதை அப்படியே விட்டுவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன், இறுதியில் விட்டுவிட்டேன். ஒரு கல்லை உருவினால் சுவர் முழுவதும் அசைகிறது என்பதை விரல்களால் அறிந்துகொள்ளும் இந்த அனுபவம் ஒன்றுக்காகவே இந்த விளையாட்டு விலைக்குத் தகும் என்பது என் கருத்து.

அடுத்து எதிர்பார்ப்புகளைப் பற்றி. விளையாட்டின் ஒவ்வோர் அணிக்கும் தரப்பட்டிருக்கும் மொத்தப் புள்ளி, பருவம் தொடங்குவதற்கு முன் அந்த அணியைப் பற்றி நிலவிய கணிப்பின் சுருக்கமே. வெளியீட்டின்போது 95 புள்ளிகளோடு ஜார்ஜியா முதலிடத்தில் இருந்தது. ஏபி செய்தி நிறுவனத்தின் பருவத்துக்கு முந்தைய தரவரிசையிலும் அதுவே முதலிடம். ஜார்ஜியா தன் கான்ஃபரன்ஸை வென்றதால் அந்தக் கணிப்பைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே ஏபி வரிசையில் பத்தாம் இடத்தில் தொடங்கிய ஃபுளோரிடா ஸ்டேட் இரண்டு ஆட்டங்களை வென்று பத்தில் தோற்றது. பிக் 12க்குப் புதிதாக வந்த அரிசோனா ஸ்டேட், ஊடகக் கணிப்பில் பதினாறாவதாக, அதாவது கடைசியாக வைக்கப்பட்டது. அதுவே அந்தக் கான்ஃபரன்ஸின் கோப்பையை வென்று, தேசியப் பட்டத்துக்கான காலிறுதியில் டெக்சாசிடம் இரண்டாம் கூடுதல் நேரத்தில் 39-31 என்று தோற்றது. எஸ்எம்யூ தன் முதல் ஆண்டில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் எட்டையும் வென்றது. ஆரிகன் முதல் ஆண்டிலேயே பிக் டென்னை வெல்ல, அதனோடு சென்ற யுசிஎல்ஏ ஐந்து வெற்றி, ஏழு தோல்வியோடு முடித்தது. இடம் மாறிய அணிகளைக் கணிப்பது ஏன் கடினம் என்றால், அவை இதுவரை ஆடாத எதிரிகளோடு, பழகாத மைதானங்களில் ஆடுகின்றன. முந்தைய ஆண்டின் எண்கள் வேறோர் ஊரின் அளவுகோலில் எடுக்கப்பட்டவை. அப்பருவம் முடிந்த பிறகு 25ஆம் பதிப்பைத் திறந்து, அந்தக் கோடையில் அரிசோனா ஸ்டேட்டை எவ்வாறு எடைபோட்டிருந்தார்கள் என்று பார்ப்பது, பழைய நாளிதழை எடுத்துப் படிப்பது போன்ற நிறைவைத் தருகிறது.

மைதானச் சூழலைச் சித்திரித்த விதத்தைப் பாராட்ட வேண்டும். எதிரணியின் ஊரில் இரைச்சல் கூடும்போது திரை நடுங்குகிறது. அனுபவமில்லாத வீரர் ஓட வேண்டிய பாதையைக் காட்டும் கோடு நெளிந்து குழம்புகிறது.

குறையாக நான் கருதுவது இரண்டு. முதலாவது, தொலைவுக்கு இதில் எடையே இல்லை. 2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை இரவு வாஷிங்டன் அணி நியூ ஜெர்சிக்குப் போய் ரட்கர்ஸிடம் 21-18 என்று தோற்றது. சியாட்டிலிலிருந்து அந்த இடம் 3,800 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. விளையாட்டில் அந்தப் பயணம் ஒரு பொத்தானை அழுத்தும் நேரத்தில் முடிந்துவிடுகிறது, வீரரின் களைப்பில் அதன் சுவடே தெரிவதில்லை. அடிபட்ட உடல் ஆட்டத்துக்கு ஆட்டம் தேய்வதை இவ்வளவு நுட்பமாகக் கணக்கிடுபவர்கள் பயணத்தையும் கணக்கில் சேர்த்திருக்கலாம். இரண்டாவது, பணம் காணப்படவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சி வருமானத்தில் பங்கு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டுதான் எஸ்எம்யூ புதிய கான்ஃபரன்ஸில் இடம் பெற்றது. ஆரிகனும் வாஷிங்டனும் முழுப் பங்கைவிடக் குறைந்த தொகைக்கு இசைந்தே பிக் டென்னுக்குப் போயின. இவற்றைச் செய்ய வைத்த அழுத்தம் இல்லாமல் அணிகளை இடம் மாற்றும்போது, மறுசீரமைப்பு என்பது வரைபடத்தில் ஆணிகளை மாற்றிக் குத்தும் வேலையாகத் தோன்றிவிடும் என்று அஞ்சுகிறேன்.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டிலும் மட்டுமே இது இயங்கும், கணினியில் இயங்காது. வெளியானபோது விலை 69.99 டாலர். பந்தை எறிவதிலும் தடுப்பதிலும் மட்டும் ஆர்வம் கொண்டவர்கள் புதிய பதிப்பையே வாங்கலாம். இந்த ஆட்டத்தின் ஊர்களையும், அவ்வூர்களிடையே தலைமுறைகளாக நிலவிய பகையையும் உறவையும் அறிய விரும்புகிறவர்களுக்கு, பழைய விளையாட்டுகளை விற்கும் கடையில் கிடைத்தால், 25ஐயே பரிந்துரைக்கிறேன்.

உண்மையான பேக்-12, பாய்சி ஸ்டேட் முதலிய புதிய அணிகளோடு, 2026 ஜூலையில் மறுபிறப்பு எடுப்பதாக ஏற்பாடு. வாஷிங்டனோடு எங்கள் அணி ஆடும் ஆப்பிள் கோப்பை 2024இல் கான்ஃபரன்ஸுக்கு வெளியிலான ஆட்டமாக, செப்டம்பரில், சியாட்டிலில் நடந்தது. இறுதிக் கட்டத்தில் எல்லைக்கோட்டின் அருகே தடுத்து 24-19 என்று வென்றோம். என் டைனஸ்டியில் நான் முதலில் செய்த மாற்றமே, அந்த ஆட்டம் கான்ஃபரன்ஸுக்குள் ஆண்டு தவறாமல் நடக்க வேண்டும் என்று குறித்து வைத்ததுதான். எட்டுப் பருவங்கள் ஆடி முடித்துவிட்டேன். அந்தக் குறிப்பை ஒருமுறைகூட நீக்கவில்லை.