காங்கிரீட் தரைக் கறைகள்: எது போனது, எது போகாது

வண்டி நிறுத்துவதும் சின்னச் சின்னப் பட்டறை வேலைகளும் ஒரே இடத்தில் என்பதால், எங்கள் காங்கிரீட் தரை பார்க்காத கறை இல்லை. சில வருடங்களாக ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என்ஜின் ஆயிலுக்கு என் ஓட்டு பற்றுக்குத்தான். காங்கிரீட் முழுக்க நுண்துளைகள். ஆயில் உள்ளே இறங்கிவிட்டால் சோப்புத்தூளும் பிரஷ்ஷும் மேற்பரப்பைத்தான் வெளுக்க வைக்கும். கொஞ்ச நாளில் அதே கறை மறுபடி எழும்பி வரும். வீக்கத்துக்குப் பற்றுப் போடுவதுபோல இதற்கும் போட வேண்டும். டால்கம் பவுடரிலோ பெண்டோனைட் களிமண்ணிலோ பெயின்ட் கரைக்கும் மினரல் டர்பன்டைன் ஊற்றி, கெட்டியான சட்னிப் பதத்தில் குழைத்து, கறையின் விளிம்பைத் தாண்டி அரை அங்குல கனத்துக்கு அப்ப வேண்டும். பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களில் டேப் ஒட்டி, 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். அப்புறம் தாளை எடுத்துக் காயவிட வேண்டும். காயும்போதுதான் ஆயில் மேலே இழுபடுகிறது, இதில் அவசரம் கூடாது. சுரண்டி எடுத்தால் வெள்ளையாக அப்பிய மாவு பழுப்பேறியிருக்கும். ஊறிப்போன பழைய கறைக்கு ஒரு தடவை போதாது. டர்பன்டைன் எளிதில் தீப்பிடிக்கும். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

துருவுக்கு ஆக்ஸாலிக் ஆசிட். வெந்நீரில் கரைத்து ஊற்றினால் செம்பழுப்பு கண்ணெதிரே வெளிறும். ஆனால் காயவிடாமல் கழுவ வேண்டும். விட்டால் காங்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத வெள்ளைப் படிவு ஆகிவிடும். விஷம் என்பதால் கையுறை கட்டாயம்.

எல்லோரும் முதலில் கைகாட்டும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது கறையைவிடச் சிமென்ட்டைத்தான் கரைக்கிறது. மேல்தோல் போவதால் கறையும் போனதுபோலத் தெரியும். மணல் பல்லிளிக்கும் அந்த இடம் அடுத்த கறையை இன்னும் வேகமாகக் குடிக்கும். ஆயிலை அது தொடக்கூடத் தொடாது. பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தாலோ குளோரின் வாயு கிளம்பும், விளையாட்டில்லை.

பேட்டரி ஆசிட் விழுந்த இடம் வேறு கதை. சமையல் சோடாவை நுரை அடங்கும்வரை தூவிக் கழுவினால் அரிப்பு நிற்கும், அவ்வளவுதான். சொரசொரப்பான வெள்ளைத் திட்டு அப்படியே இருக்கும். அது கறையல்ல, சேதம். கிரைண்டிங் அல்லது மேற்பூச்சுதான் வழி.

சுத்தம் செய்தபின் சீலர், அதாவது கறை ஊறாமல் காக்கும் பூச்சு, அடிப்பது நல்லது. படலமாக நிற்கும் அக்ரிலிக் வகை, டயர் நிற்கும் இடங்களில் எங்களுக்கு உரிந்து வந்தது. உள்ளே ஊறும் சிலேன் வகை இன்னும் தாங்குகிறது. தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. ஆயிலை மட்டும் அது முழுசாகத் தடுப்பதில்லை, சிந்தியதும் துடைக்கத் துணி பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.