வெள்ளவத்தையில் மூன்று சனிக்கிழமைகள்: ஒரு பெண்ணுரிமை வகுப்பைப் பற்றி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றிலுள்ள சிறு மண்டபத்தில், பெண்களின் மனித உரிமைகள் பற்றித் தமிழில் நடத்தப்பட்ட வகுப்புக்குச் சென்று வந்தேன். மூன்று சனிக்கிழமைகளுக்கு, மதியச் சோற்றுப் பார்சலும் சேர்த்து, 1,500 ரூபாய் வாங்கினார்கள். இவ்விடயத்தில் நான் முன்னர் சென்றவை எல்லாம் ஆங்கில வகுப்புகள் என்பதால், தமிழில் என்பதே என்னை இழுத்தது.

முதல் நாள் உலக வரலாறு. 1975 ஒக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ 90 வீதமானோர் அலுவலகத்துக்கும் போகாமல், அடுப்பையும் மூட்டாமல் ஒதுங்கி நின்றதை விரிவுரையாளர் சுவையாக விவரித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுவேலை செய்யும் மலையகப் பெண்ணொருவர் எழுந்து, "அன்னைக்கு எங்க மேடம் லீவு எடுத்தா, சமையல நான்தானே செய்யணும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், வகுப்பு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டது. அந்தக் கேள்வியிலேயே ஒரு மணி நேரம் நின்றிருக்கலாம். வீட்டுப் பணியாளர்களுக்கென 2011இல் சர்வதேச தொழில் அமைப்பு நிறைவேற்றிய 189ஆம் இலக்கச் சமவாயம் (சர்வதேச உடன்படிக்கை) கடைசிவரை பேசப்படவேயில்லை. கொழும்பு வடக்கிலிருந்து 1932இலேயே அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவான பெண்மணி நேசம் சரவணமுத்துவும் விடுபட்டுப்போனார்.

இரண்டாம் நாள், பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான சீடோ (CEDAW) சமவாயம். 1979இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றியதை இலங்கை 1981இல் பின்னுறுதி செய்தது. 1980இல் கையொப்பமிட்ட அமெரிக்காவோ இன்றுவரை செய்யவில்லை. இதற்கு மேல் அன்று மனத்தில் நின்றது குறைவு.

கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்தது மூன்றாம் நாளில்தான். அன்று வந்த சட்டத்தரணி, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை ஒரு கற்பனை வழக்காகவே நடத்திக் காட்டினார். அடிபட்டவர் தாமாகவோ, அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதையும், இடைக்காலக் கட்டளை அதிகபட்சம் 14 நாட்களுக்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரைக்கும் செல்லும் என்பதையும், அடி மட்டுமல்லாமல் தொடர்ச்சியான கடும் அவமதிப்பும் இச்சட்டத்துக்குள் வரும் என்பதையும், கேட்பவர் வீட்டுக்குப் போய் அயலவருக்குச் சொல்லக்கூடிய தமிழில் விளக்கினார். பிறகு, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு வந்தார். அச்சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள சீதனக் காணியை விற்பதற்குக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றதும், கொழும்புக்கு வந்து முப்பது வருடங்களான பெண்கள் பலர் திகைத்துப்போனார்கள். ஊரை விட்டு வந்த மாத்திரத்தில் அந்தச் சட்டம் ஆளை விட்டுவிடுவதில்லை. சம்மதம் கிடைக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்ற வழியையும் அவர் சொல்லத் தவறவில்லை.

குறை கையேட்டில் இருக்கிறது. 'பால்நிலைசார் உணர்திறன்மிகு பகுப்பாய்வுச் சட்டகம்' போன்ற தொடர்களால் நிறைந்த அந்த நூலில், நீதிமன்றப் படி ஏறவேண்டிய எந்தப் பெண்ணும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டமாட்டார். மண்டபம் இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள் சிரமப்பட்டார்கள். சோற்றுப் பார்சல் நன்றாகவே இருந்தது.

அடுத்த சுற்றுக்கு என் தங்கையை அனுப்பவிருக்கிறேன். கையேட்டை நானே வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் எழுதிய குறிப்புக் கொப்பியை அவளிடம் கொடுத்துவிட்டேன்.