நீட்ஸ்ஃபுட் ஆயிலும் பித்தளை பக்கிளும்

அந்தியூர் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் பழைய கடிவாளம் ஒன்றை வாங்கிய நண்பர், "வார் எல்லாம் கட்டை மாதிரி இருக்கு, என்ன எண்ணெய் போடலாம்?" என்று கேட்டார். நான் சில வருடங்களாகச் சேணம், கடிவாளம், வயிற்றுவார் எல்லாவற்றுக்கும் கலப்பில்லாத நீட்ஸ்ஃபுட் ஆயில்தான் போட்டு வருகிறேன்.

விறைத்த தோலை இளக்குவதில் இதை மிஞ்ச நான் எதையும் பார்த்ததில்லை. மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் இது. உடம்பின் மற்ற இடத்துக் கொழுப்பு உறையும் குளிரிலும் கால் கொழுப்பு இளகியே இருக்கும், அதனால் நாருக்குள் இறங்கிய பிறகும் இறுகாது. நம் ஆட்கள் தடவும் தேங்காய் எண்ணெயோ 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைகிறது, நாளானால் சிக்கு வாடையும் அடிக்கிறது.

முதலில் கிளிசரின் சோப்பால் வியர்வை உப்பையும் அழுக்கையும் எடுத்துவிட வேண்டும். லேசான ஈரம் இருக்கும்போதே உட்புறமாக மெல்லிய ஒரு பூச்சு கொடுத்து, ஒரு ராத்திரி விட்டு, தேவைப்பட்டால் மட்டும் இன்னொன்று. வெயிலில் காட்டவே கூடாது. ஆவாரம்பட்டை, கடுக்காயில் பதனிட்ட தோல் சட்டென்று குடிக்கும். நிறம் கறுக்கும், அது பரவாயில்லை. ஆனால் அதிகம் ஊற்றினால் வார் தொளதொளத்துப் பிடிமானம் போய்விடும். தொட்டால் செந்தூளாக உதிர்கிற தோலை எந்த எண்ணெயும் மீட்காது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். பித்தளை பக்கிள்! அதில் உள்ள செம்பு எண்ணெயின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து பச்சை மெழுகாகத் திரள்கிறது. பக்கிளின் நாக்கடியில், துளைகளில், தையல் நூலில் எல்லாம் பச்சை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டித் துடைத்து வைத்தால், மழைக்காலம் முடிவதற்குள் திரும்ப வந்து நிற்கிறது. டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. விற்ற கடையில் கேட்டால் "துடைச்சா போயிடும்" என்கிறார்கள். வார் பக்கிளைச் சுற்றி மடிகிற அந்த இடம்தான் முதலில் விரிசல் விடும், தையல் அறுவதும் அங்கேதான். ஏறுவதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டிய இடத்தைப் பச்சைக் களிம்பு மூடிக்கொள்கிறது. ஓட்டத்தில் கடிவாள வார் அறுந்தால் என்ன ஆகும் என்று குதிரை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் கொழுப்பைத் தடவினாலும் கொஞ்சம் பச்சை வரும் என்பது நியாயமாகச் சொல்ல வேண்டியது. என் கைக்கு இதில்தான் அதிகம். நண்பரின் கடிவாளத்தில் முழுக்கப் பித்தளை, அதனால் இந்த எண்ணெயை வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். தேன்மெழுகு கலந்த களிம்பை மெலிதாகத் தடவி, பக்கிளைக் கழற்றித் தனியாகத் துடைக்கட்டும். இளகக் கூடுதல் நாள் ஆகும், ஆகட்டும். எஃகு பக்கிள் என்றால் யோசிக்காமல் நீட்ஸ்ஃபுட்டே வாங்கலாம். இந்த டப்பா தீர்ந்ததும் நான் வாங்கப் போவதில்லை.